பிரமாணம் செய்யவந்த நாஸ்திகர்

இருவருக்குள் வழக்கு முற்றிச் சாட்சியும் கிடைக்காமற் போய்விட்டால், "கோயிலுக்கு வந்து கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யட்டும், நான் விட்டுவிடுகிறேன்" என்று சொல்வது தமிழர் வழக்கம். ஊரைவிட்டுக் கப்பலேறி வந்த நம் முன்னோர் அவ்வழக்கத்தையும் தங்கள் மூட்டையோடு கொண்டுவந்து, தோட்டத்து மாரியம்மன் சந்நிதியில் இறக்கி வைத்தனர். கடன் வாங்கவில்லை என்று சாதித்தவன் கற்பூரத்தின் முன் கைநீட்டத் தயங்கினால் அத்தயக்கமே தீர்ப்பாயிற்று. அச்சமுள்ளவனைப் பிடிப்பதற்கு இது நல்ல பொறிதான். ஆயினும் தெய்வத்துக்கும் அஞ்சாமற் பொய்ச்சத்தியம் செய்யத் துணிந்தவன் இப்பொறியில் அகப்படுவதில்லை. "சத்தியம் எனக்குப் பொருளற்றது, என் சொல்லே போதும்" என்று வெளிப்படையாக நிற்கிறவன்தான் முதலில் அகப்பட்டுக் கொள்கிறான். இச்சிறு முரண்பாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், உலகிலேயே பெரிய சாம்ராஜ்யத்தின் சட்டசபையை ஆறு ஆண்டுகள் கலக்கியது. அவ்வரலாற்றை நேயர்கள் அறிந்திருத்தல் நன்று. ஏனெனில் அதன் கிளைகள் பம்பாய் வரையிலும் சென்னை வரையிலும் நீண்டவை.

அந்த மனிதரின் பெயர் சார்லஸ் பிராட்லா. 1833-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி, இலண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில், வக்கீல் குமாஸ்தா ஒருவரின் மகனாகப் பிறந்தார். குடும்பம் ஏழ்மையானது, பக்தி நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சிறுபிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்து வந்த அச்சிறுவனை, பிஷப்பு வருகிறார், திடப்படுத்தும் சடங்குக்குப் படித்து ஆயத்தமாகு என்று பேக்கர் பாதிரியார் பணித்தார். பையன் சொன்னபடியே படித்தான். ஆங்கிலத் திருச்சபையின் 39 விதிகளையும் நான்கு சுவிசேஷங்களையும் அருகருகே வைத்துப் படித்ததில், ஒன்றோடொன்று பொருந்தாத இடங்கள் அவன் கண்ணிற் பட்டன. பாதிரியாருக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்டான். விளக்கம் வரவில்லை, பையன் நாஸ்திகனாகிவிட்டான் என்று தந்தைக்குக் கடிதம் போயிற்று. பள்ளியில் அவன் கற்பித்து வந்த வேலையும் நிறுத்தப்பட்டது. மூன்று நாளுக்குள் மனம் மாறாவிடில் நிலக்கரி வியாபாரியிடம் அவன் பார்த்துவந்த வேலை போய்விடும் என்று தவணை வைத்தார்கள். பதினாறு வயது நிரம்பாத பிராட்லா தவணை முடிந்த நாளில் வீட்டைவிட்டு வெளியேறினான். அந்நாளில் அவன் நாஸ்திகன் அல்லன் என்பது கவனிக்கத்தக்கது; தெளிவு வேண்டிய விசுவாசி அவன். அவனை மறுகரைக்குத் தள்ளிய பெருமையில் பெரும்பங்கு பேக்கர் பாதிரியாரையே சாரும்.

வயிற்றுப்பாட்டுக்காக 1850-இல் பட்டாளத்தில் சேர்ந்து அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். குடியானவரை வீட்டினின்று வெளியேற்றும் நிலக்கிழார்க்குப் பட்டாளம் துணைநின்ற காட்சிகளை அங்கே நேரிற் கண்டார். 1853-இல் பணங்கட்டி விடுதலை பெற்று, வக்கீல் குமாஸ்தாவாகிச் சட்டத்தை நுணுகிக் கற்றார். பகலில் குமாஸ்தா வேலை, மாலையில் மேடை. விக்கிரகங்களை உடைப்பவர் என்று பொருள்படும் புனைபெயரில் ஊரூராகச் சென்று சமய விமர்சனச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 1860-இல் 'நேஷனல் ரிபார்மர்' என்னும் பத்திரிகை தோன்றியது. 1866-இல் அவர் தலைமையில் தேசிய லௌகிக சங்கம் அமைந்தது. மக்கட்பேற்றை மட்டுப்படுத்தும் வழிகளைக் கூறிய ஒரு சிறுநூலை மறுபதிப்புச் செய்ததற்காக 1877-இல் அவரும் அன்னி பெசண்டு அம்மையாரும் ஒருங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றனர். அந்த அம்மையார்தாம் பிற்காலத்தில் பிரம்மஞான சபையின் தலைவியாகச் சென்னை அடையாற்றில் வீற்றிருந்து, இந்துமதப் பழைமைக்குப் பரிந்து பேசியவர். காலம் செய்யும் வேடிக்கைகளில் இதுவும் ஒன்று.

பிராட்லாவைக் கலகக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. மன்னராட்சி வேண்டாம் என்றவர். ஆனால் சட்டத்தை மீறு என்று எவரிடமும் சொன்னதில்லை. சமதர்மத்தையும் அவர் ஏற்கவில்லை. தமக்கு எதிரான சட்டத்தையே ஆயுதமாக ஏந்திப் போரிடுவது அவர் வழி. கடவுள் நம்பிக்கை இல்லாதவர் பிரமாணம் செய்யத் தகாதவர் என்ற காரணத்தால் நீதிமன்றங்கள் அத்தகையோரின் சாட்சியத்தை ஏற்க மறுத்துவந்தன. பிராட்லாவுக்குச் சேரவேண்டிய பணம் ஒரு வழக்கில் இதனாலேயே கிடைக்காமற் போயிற்று. அதை அவர் மேன்மேலும் வழக்காடியதன் விளைவாக, 1869-இலும் 1870-இலும் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, நம்பிக்கையற்றவர் பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறிச் சாட்சி சொல்லலாம் என்றாயிற்று.

நார்த்தாம்ப்டன் தொகுதியில் 1868-இல் ஒரு முறையும் 1874-இல் இரு முறையும் நின்று தோற்று, 1880-ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்த பொதுத்தேர்தலில் பிராட்லா வெற்றி பெற்றார். நார்த்தாம்ப்டன் செருப்புத் தைப்போரின் ஊர். தோலைத் தொட்டவனை நாம் ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்த காலத்தில், அங்கே தோல் தைத்தவன் கையில் ஓட்டுச்சீட்டு இருந்தது. அத்தொழிலாளர் தெரிந்தெடுத்த மற்றோர் அங்கத்தினர் ஹென்றி லெபௌஷியர் என்பவர். இவருக்கும் மதப்பற்றுச் சிறிதும் இல்லை; ஆயினும் எவ்விதத் தடையுமின்றிப் பிரமாணம் செய்து உட்கார்ந்துவிட்டு, தம்மை 'நார்த்தாம்ப்டனின் கிறிஸ்தவ அங்கத்தினர்' என்று கேலியாக அழைத்துக்கொண்டார்.

மேற்கொண்டு செல்லுமுன், பார்லிமெண்டின் வாயிலில் நின்ற அந்தப் பிரமாணம் யாது, அது யாரையெல்லாம் அதற்கு முன் தடுத்தது என்பதைச் சிறிது காண்போம். நெடுங்காலம் புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவரே அங்கு நுழைய முடிந்தது. 1828-இல் அயர்லாந்தின் கிளேர் தொகுதியில் டேனியல் ஓகானல் என்னும் கத்தோலிக்கர் வென்றார். கத்தோலிக்க வழிபாட்டைப் பழிக்கும் சொற்கள் அடங்கிய பழைய பிரமாணத்தை அவர் செய்ய மறுத்தார். 1829-இல் சட்டம் மாறிற்று. ஆணையிடுவதே பாவம் என்று கருதும் குவேக்கர் வகுப்பினரான ஜோசப் பீஸ் 1833-இல் உறுதிமொழி கூறி அமர அனுமதிக்கப்பட்டார். யூதராகிய லயனல் ராத்சைல்டு 1847-இல் இலண்டன் நகரின் பிரதிநிதியாகத் தெரிந்தெடுக்கப்பட்டும், 'கிறிஸ்தவனின் மெய்விசுவாசத்தின் மீது' என்ற சொற்றொடரைச் சொல்லமாட்டாமையால், 1858 வரை பதினோராண்டு காத்திருந்தார். இடையில் 1851-இல் டேவிட் சாலமன்ஸ் என்னும் மற்றொரு யூதர் அச்சொற்களை விட்டுவிட்டுப் பிரமாணம் செய்து உட்கார்ந்து, ஓட்டும் போட்டு, அதற்காக அபராதம் விதிக்கப்பட்டார். இவ்வாறு ஒவ்வொரு கூட்டத்தாரும் வெளியே நின்று கதவைத் தட்டியவர்களே. 1880-இல் எஞ்சியிருந்தது, 'கடவுள் எனக்குத் துணைபுரிவாராக' என்னும் கடைசித் தாழ்ப்பாள் ஒன்றுதான்.

அதே சாம்ராஜ்யத்தின் ஆளுகைக்குட்பட்ட இந்தியாவில் நிலைமை வேறாக இருந்தது என்பதை இவ்விடத்திற் சொல்லியாக வேண்டும். கங்கை நீரின் மீதும் குர்ஆன் மீதும் ஆணையிடச் செய்யும் முறையை 1840-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று நீக்கி, இந்துக்களும் முஸ்லிம்களும் உறுதிமொழி கூறினாற் போதும் என்றது. அவ்வுறுதிமொழியில் இறைவன் பெயர் இருந்தது உண்மை. பின்னர் 1873-ஆம் ஆண்டின் இந்தியப் பிரமாணச் சட்டம் இன்னும் ஒருபடி சென்று, இந்துவோ முஸ்லிமோ அல்லது பிரமாணம் செய்ய ஆட்சேபம் உடைய எவரோ ஆயினும் உறுதிமொழியே கூறலாம் என்று விதித்தது. தஞ்சாவூர்க் குடியானவன் ஒருவன் ஜில்லாக் கோர்ட்டில் நின்று ஆட்சேபம் கூறினால் செல்லும். அச்சட்டத்துக்கு ஏழு ஆண்டு பின்னர் வெஸ்ட்மின்ஸ்டரில் மக்கட் பிரதிநிதி ஒருவர் கூறினால் செல்லாது! அடிமை நாட்டில் வசதிக்காகத் தாராளம் காட்டிய ஆட்சியாளர், தம் சொந்த வீட்டில் அதைக் காட்ட அஞ்சினர். இதே 1873-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு கட்சிக்காரர் இன்னவாறு சத்தியம் செய்தால் தான் ஒப்புக்கொள்வதாக எதிர்க்கட்சிக்காரர் முன்வருவாராயின் அதற்கும் இடமளித்தது என்பதையும் மறைக்கலாகாது. கற்பூரத்துக்கும் கோர்ட்டுக்கும் இருந்த அந்த உறவு 1969-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில்தான் அற்றுப்போயிற்று.

இனி வெஸ்ட்மின்ஸ்டருக்கு வருவோம். 1880 மே 3-ஆம் தேதி பிராட்லா சபையின் மேசையருகே வந்து, நீதிமன்றத்தில் தமக்கு இருக்கும் உரிமையின்படி இங்கும் உறுதிமொழி கூற அனுமதிக்க வேண்டுமென்று கேட்டார். சபாநாயகர் பிராண்டு தாமே முடிவு செய்யாமல் அதைச் சபைக்கு விட்டார். பின்வந்த ஆறாண்டுத் தொல்லைக்கும் வித்து அந்தத் தயக்கமே. கமிட்டி ஒன்று அமைந்தது. தலைவரின் ஓட்டால், ஒரே ஓட்டு வித்தியாசத்தில், உறுதிமொழி கூற உரிமை இல்லை என்றது. "அப்படியானால் எல்லோரையும் போல் பிரமாணமே செய்கிறேன்" என்று பிராட்லா மே 21-ஆம் தேதி முன்வந்தார். அதிலுள்ள சில சொற்கள் தமக்குப் பொருளற்றவை, ஆயினும் அதன் உட்கருத்தால் தாம் முழுவதும் கட்டுப்படுவதாகப் பத்திரிகைகளுக்கும் எழுதினார். அந்தக் கடிதமே அவருக்குப் பகையாயிற்று. டிரம்மண்டு உல்ப் என்னும் கன்சர்வேட்டிவ் அங்கத்தினர் எழுந்து, பொருளற்றவை என்று தாமே ஒப்புக்கொண்ட சொற்களைச் சொல்ல இவரை விடலாகாது என்று தடுத்தார்.

நேயர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மனத்துக்குள் நம்பாமல் வாயளவில் சொல்லியிருந்தால் பிராட்லாவை எவரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவருக்கு முன்பு ஜான் ஸ்டூவர்ட் மில் 1865 முதல் 1868 வரை அச்சபையில் இருந்தார். அவருக்குப் பின்பு, கடவுள் என்னும் ஆங்கிலச் சொல்லைத் தம் பத்திரிகையில் சிற்றெழுத்தால் அச்சிட்டுப் பேர்போன ஜான் மார்லி 1883-இல் நுழைந்தார். இவ்விருவரும் பிரமாணம் செய்தார்கள். ஒருவரும் எழுந்து தடுக்கவில்லை. எனவே காவலிருந்தது அவநம்பிக்கைக்கு எதிராக அன்று, அதை வெளிப்படையாகச் சொல்லும் வாய்க்கு எதிராகவே. அதிலும் அவ்வாய் குமாஸ்தா மகனின் வாயாக, செருப்புத் தைப்போருக்காகப் பேசும் வாயாக, அரச குடும்பத்தின் செலவைக் கணக்குக் கேட்கும் வாயாக இருந்துவிட்டது. அரச வமிசத்தைக் குற்றஞ்சாட்டி அவர் எழுதிய துண்டுப் பிரசுரத்தை ராண்டால்ப் சர்ச்சில் பிரபு சபையிலேயே தரையில் எறிந்து காலால் மிதித்தார். கோபம் கடவுளுக்காக மட்டும் வந்ததென்று நம்புவது கடினம்.

ஆயினும் வைதிகர் தரப்பில் நியாயமே இல்லை என்று தள்ளிவிடுவதும் சரியன்று. அவர்கள் கூற்று இதுதான்: ராஜ்யம் என்பது வாக்குறுதிகளின் மேல் நிற்பது; வாக்குறுதியைக் காக்கச் செய்வது, எவரும் காணாதபோதும் ஒருவன் காண்கிறான் என்னும் அச்சம். அவ்வச்சம் இல்லாதவனிடம் சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஒப்படைப்பது எங்ஙனம்? இது அற்பமான கேள்வி அன்று. சமய சமரசத்துக்காக வாதாடிய ஜான் லாக் என்னும் பேரறிஞரே 1689-இல் வெளியான தம் நிருபத்தில், நாஸ்திகரின் சத்தியம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று கூறி அவர்களை விலக்கி வைத்தார். கார்டினல் மானிங்கு அதே வாதத்தைப் புதுப்பித்தார். இவ்வாதத்துக்கு விடை, வேறு நூல்களில் அன்று, நம் வள்ளுவரிடமே உண்டு: பொய் சொன்னவனைச் சுடும் தீயை அவர் வானத்திலிருந்து வரவழைக்கவில்லை, அவன் நெஞ்சிலேயே மூட்டினார்.

ஜூன் 22-ஆம் தேதி, பிரமாணமும் வேண்டாம் உறுதிமொழியும் வேண்டாம் என்று 275-க்கு 230 ஓட்டுக்களால் சபை முடிவு செய்தது. மறுநாள் பிராட்லா சபையின் தடுப்பருகே நின்று பேசினார். வெளியே போ என்றனர். சட்டத்துக்கு மாறான ஆணைக்குப் பணியமாட்டேன் என்றார். மணிக்கூண்டின் அறையில் ஓர் இரவு அடைக்கப்பட்டார். அந்தக் கூண்டிலே சிறையிருந்தவரில் கடைசி மனிதர் அவரே. மறுநாள் விடுவித்தனர். தியாகியை உண்டாக்குகிறோம் என்பதைத் தாமதமாக உணர்ந்த முதன் மந்திரி கிளாட்ஸ்டன், அவரவர் சொந்தப் பொறுப்பில் உறுதிமொழி கூறலாம், தவறாயின் நீதிமன்றம் தண்டிக்கட்டும் என்னும் பிரேரணையைக் கொணர்ந்தார். 303-க்கு 249 ஓட்டுக்களால் அது நிறைவேறிற்று. ஜூலை 2-ஆம் தேதி பிராட்லா அமர்ந்தார்.

அமர்ந்த அன்றே வழக்கு. சட்டப்படி தகுதியில்லாமல் போடும் ஓட்டு ஒன்றுக்கு 500 பவுன் அபராதம். அதை எவர் வேண்டுமானாலும் வழக்காடிப் பெறலாம். கிளார்க் என்னும் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அவர் கையிற் காசில்லை. பின்னால் நின்று செலவு செய்தவர் நியூடிகேட் என்னும் கன்சர்வேட்டிவ் அங்கத்தினர். 1881 மார்ச்சில் தீர்ப்பு பிராட்லாவுக்கு எதிராக வந்தது, ஸ்தானம் காலியாயிற்று. ஏப்ரலில் நார்த்தாம்ப்டன் மக்கள் மீண்டும் அவரையே அனுப்பினர். சபை மீண்டும் அவரை வெளியே நிறுத்தியது. (இவ்வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்று 1883-இல் பிராட்லாவின் பக்கம் தீர்ந்ததும், பிறன் வழக்குக்குப் பணம் கொடுத்த குற்றத்துக்கு நியூடிகேட்டே நஷ்டஈடு கொடுக்கும்படி நேர்ந்ததும் தனிக்கதை.)

1881 ஆகஸ்டு 3-ஆம் தேதி நிகழ்ந்ததை எழுதக் கூசுகிறது. தம் ஸ்தானத்தை நாடி வந்த மக்கட் பிரதிநிதியைப் பத்துப் போலீஸ்காரரும் சபைச் சேவகரும் பிடித்துப் படிக்கட்டு வழியே இழுத்து வெளி முற்றத்தில் தள்ளினர். கோட்டுக் கிழிந்தது, அந்தப் பெரிய உடல் மூச்சுக்குத் திணறிற்று. அருகிலே பல்லாயிரவர் அவருடைய ஆதரவாளர்கள் திரண்டு நின்றார்கள். தாம் கையை உயர்த்தினால் ஒரு நிமிஷத்தில் போதிய பலத்துடன் உள்ளே வரமுடியும் என்று போலீஸ் அதிகாரியிடம் சொன்னாராம். கையை உயர்த்தவில்லை. கலகம் நடந்திருந்தால், நாஸ்திகனுக்குச் சட்டம் ஏது என்றவர் வாக்கு நிரூபணமாகியிருக்கும். அன்று அந்த முற்றத்தில் வாக்குத் தவறாமல் நின்றவர் யார் என்பதைக் கண்டவர்கள் சொல்லட்டும்.

பின்னும் நாடகம் தொடர்ந்தது. 1882 பிப்ரவரி 21-இல் பிராட்லா தாமே மேசையருகே விரைந்து, சட்டைப்பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்துப் பிரமாண வாசகத்தைத் தமக்குத் தாமே படித்துக் கையொப்பமிட்டார். மறுநாள் சபையினின்று நீக்கப்பட்டார். மார்ச்சு 2-இல் மறுபடியும் தெரிந்தெடுக்கப்பட்டார். 1884-இல் இதே காட்சி இன்னொரு முறை, இன்னொரு இடைத்தேர்தல், இன்னொரு வெற்றி. ஒரு தொகுதியின் மக்கள் ஒரே மனிதரை நான்காண்டுக்குள் நான்கு முறை அனுப்பியும் அவர்களுக்குச் சபையில் ஒரு குரல் குறைந்தே இருந்தது. கடவுளின் மானத்தைக் காப்பவர்கள் நார்த்தாம்ப்டன் தொழிலாளியின் ஓட்டை எடுத்துக்கொண்டார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இவற்றின் நடுவே நிகழ்ந்த ஒரு சொற்பொழிவே இவ்வரலாற்றின் சிகரம். அதைப் பேசியவர் நாஸ்திகர் அல்லர், நாள் தவறாமற் பிரார்த்தனை செய்த கிளாட்ஸ்டன். உறுதிமொழி மசோதாவைக் கொண்டுவந்து 1883 ஏப்ரல் 26-ஆம் தேதி அவர் பேசினார். அவர் வாதத்தின் சாரம் இது: 'ஏதோ ஒரு கடவுளை ஒப்புக்கொள், எந்தக் கடவுளாயினும் சரி' என்று சட்டம் கேட்பது கிறிஸ்து மார்க்கத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தெய்வம் உண்டு, ஆனால் மனிதர் காரியங்களில் அது தலையிடாது என்னும் கொள்கை பிரமாணத்துக்குப் போதும். அக்கொள்கையோ நடைமுறையில் நாஸ்திகத்துக்கு மிகத் தூரத்தில் இல்லை. தேவர்கள் மனிதர் துயரை அறியாமல் எங்கோ அமைதியில் உறைகின்றனர் என்ற உரோமக் கவி லுக்ரீசியஸின் அடிகளை லத்தீனிலேயே அவர் ஒப்பித்தபோது சபை மௌனமாகக் கேட்டது. இதைவிட முக்கியமாக அவர் சொன்னது, மதத்தின் பெயரால் ஓர் அநியாயம் நடக்குமாயின், மக்கள் மனத்தில் அநியாயமும் மதமும் ஒன்றாகக் கலந்துவிடும். மதத்துக்கு அதனினும் பெருந்தீங்கு நாஸ்திகரால் ஆகாது என்பது. பக்தர் ஒருவர் தம் பக்தியினாலேயே நாஸ்திகரின் உரிமைக்குப் போராடினார். மதப்பற்று வேறு, மதத்தைக் கோலாக ஏந்திப் பிறனை அடிக்கும் பற்று வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மசோதா தோற்றது. 292-க்கு 289; மூன்றே ஓட்டு. தோற்கடித்த ஓட்டுக்களுள் அயர்லாந்துக் கத்தோலிக்கருடையவை பல. அயர்லாந்தின் மீது அடக்குமுறைச் சட்டம் வந்தபோது, தமக்கு அமர இடம் இருந்த சிலமாத காலத்தில், எழுந்து எதிர்த்துப் பேசியவர் பிராட்லா. ஓகானல் அதே மேசையருகே நின்று திருப்பி அனுப்பப்பட்டு அப்போது ஐம்பத்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வெளியே நின்று தட்டியவன் உள்ளே வந்ததும் தாழிடுவது அயர்லாந்துக்கு மட்டும் உரிய குணம் அன்று; நம்மவர் வரலாற்றைப் புரட்டினாலும் அதற்கு உதாரணம் அருகிலேயே கிடைக்கும். அதே 1883-இல், பூட் என்னும் பிராட்லாவின் தோழர், தம் பத்திரிகையில் தெய்வநிந்தை செய்தார் என்று ஓராண்டுச் சிறை பெற்றார்.

முடிச்சு அவிழ்ந்த விதம் வேடிக்கையானது. 1885 நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் பிராட்லா மறுபடி வென்றார். 1886 ஜனவரி 13-ஆம் தேதி புதிய பார்லிமெண்டு கூடியபோது கன்சர்வேட்டிவ் மந்திரிசபையே பதவியில் இருந்தது. தடைசெய்யவும் ஆயத்தமாக இருந்தது. ஆனால் சபாநாயகர் ஸ்தானத்தில் இருந்தவர் ஆர்தர் பீல். ஓர் அங்கத்தினர்க்கும் அவர் செய்யவந்த பிரமாணத்துக்கும் இடையில் புக எனக்கும் உரிமை இல்லை, வேறெவர்க்கும் இல்லை என்று அவர் தீர்ப்புக் கூறிவிட்டார். பிராட்லா பிரமாணம் செய்தார், உட்கார்ந்தார். சில நிமிஷ வேலை. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை; இந்தத் தீர்ப்பை 1880-இலேயே பிராண்டு கூறியிருக்கலாம்.

உள்ளே நுழைந்ததோடு பிராட்லா அமைந்துவிடவில்லை. அவர் கொண்டுவந்த மசோதா 1888-இல் பிரமாணச் சட்டமாயிற்று. மத நம்பிக்கை இல்லை என்றோ, பிரமாணம் தன் மதத்துக்கு மாறானது என்றோ கூறுபவர் எவராயினும் எவ்விடத்தும் உறுதிமொழி கூறலாம். பின்னதற்கும் இடம் வைத்ததால், அச்சட்டம் நாஸ்திகரைப் போலவே ஆணையிடலைப் பாவமெனக் கருதும் பக்தரையும் காத்தது. காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்னும் குறை ஒன்று அதில் இருந்தது; 1978-ஆம் ஆண்டின் சட்டம் அதையும் நீக்கிற்று.

இப்போராட்டம் நடந்துகொண்டிருக்கையில் சென்னையிலும் அதன் எதிரொலி கேட்டது. சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ்ப் பத்திரிகையை நடத்தினர். பிராட்லாவின் சங்கம் இங்கிலாந்தில் எழுப்பிய கேள்விகளை அவர்கள் சாதியின் மீதும் சடங்குகளின் மீதும் திருப்பிக் கேட்டனர். பிராட்லாவோ பார்லிமெண்டில் இந்தியரின் குறைகளைத் தொடர்ந்து எடுத்துரைத்து 'இந்தியாவின் அங்கத்தினர்' என்று பெயர் பெற்றார். கடும் நோயினின்று எழுந்த உடம்புடன், 1889 டிசம்பரில் பம்பாய்க்குக் கப்பலேறி வந்து காங்கிரசின் ஐந்தாம் மகாசபையிற் கலந்துகொண்டார். அவ்வாண்டின் எண்ணைப் போலவே 1,889 பிரதிநிதிகள் அங்கே கூடியிருந்தனர். தம் ஊர்க் கோயில்களில் நாள்தோறும் வழிபடும் கனவான்கள் ஆயிரக்கணக்கில் எழுந்து நின்று ஒரு நாஸ்திகரை வரவேற்றார்கள். அவர் எந்தக் கடவுளைத் தொழுகிறார் என்று அன்று எவரும் கேட்கவில்லை. அவர்களுடைய சட்டசபைச் சீர்திருத்தத்துக்கான மசோதா ஒன்றை 1890-இல் பார்லிமெண்டில் அவரே கொண்டுவந்தார்.

அறுபது ஆண்டுக்குப் பின்னர் இதே கேள்வி சுதந்திர இந்தியாவின் அரசியல் நிர்ணய சபையில் எழுந்தது. அரசியல் சட்டத்தின் முகவுரையைக் கடவுள் பெயரால் தொடங்க வேண்டுமென்று காமத் என்பவர் 1949 அக்டோபர் 17-ஆம் தேதி ஒரு திருத்தம் கொணர்ந்தார். கடவுளை நம்பும் திருவிதாங்கூர்த் தலைவர் பட்டம் தாணுப்பிள்ளையும், பண்டித குன்சுருவும், நம்பிக்கையில் கட்டாயம் கூடாது என்று எதிர்த்துப் பேசினர். 41-க்கு 68 ஓட்டுக்களால் திருத்தம் தள்ளப்பட்டது. பதவி ஏற்போர்க்கு மட்டும், கடவுள் பெயரால் பிரமாணம் அல்லது உறுதிமொழி என்று இரு வழியும் திறந்து வைக்கப்பட்டன. 1967 மார்ச்சு 6-ஆம் தேதி சென்னையில் அறிஞர் அண்ணாதுரையும் அவருடன் மந்திரி பதவி ஏற்றோரும் உளமார உறுதி கூறியபோது, ஒரு போலீஸ்காரரும் அங்கே தேவைப்படவில்லை.

பிராட்லாவின் முடிவைக் கூறாமல் முன்னே சென்றுவிட்டோம். 1891 ஜனவரியில் அவர் மரணப் படுக்கையில் இருந்தார். 1880 ஜூன் 22-ஆம் தேதி தம்மை விலக்கிய தீர்மானத்தைச் சபைக் குறிப்பிலிருந்தே அடித்துவிட வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் விருப்பம். ஜனவரி 27-ஆம் தேதி டாக்டர் ஹண்டர் என்னும் அங்கத்தினர் அப்பிரேரணையைக் கொண்டுவர, சபை அதை ஏற்றது. அப்பொழுது ஆட்சியில் இருந்தது கன்சர்வேட்டிவ் கட்சியே. செய்தியைச் சொல்லுமுன்னரே அவருக்கு நினைவு தப்பிவிட்டது. 30-ஆம் தேதி இறந்தார். தாம் வென்றது அவருக்குத் தெரியாது.

புரூக்வுட்டு இடுகாட்டில் அவர் உடல் அடக்கமாயிற்று. இலண்டனில் இருந்த இந்தியர் பலர் சென்றிருந்தனர். அவர்களுள் சட்டம் படித்துக்கொண்டிருந்த இருபத்தோரு வயது மாணவர் மோகன்தாஸ் காந்தியும் ஒருவர். திரும்புகையில் இரயில் நிலையத்தில் நாஸ்திகர் ஒருவர் ஒரு பாதிரியாரிடம், உம் கடவுளின் அளவென்ன, இருப்பிடம் எங்கே என்று பலர் முன்னிலையில் மடக்கிக் கேட்டதையும், பாதிரியார் பணிவுடன் விடைசொன்னதையும் கண்டு, நாஸ்திகத்தின்மேல் தமக்கிருந்த வெறுப்பு இன்னும் மிகுந்ததாகக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். பிராட்லாவின் தொண்டர் எல்லோரும் பிராட்லா அல்லர் என்பது இதனால் விளங்கும். எனினும் காந்தியடிகள் அம்மனிதரை மறக்கவில்லை. நாற்பது ஆண்டு கழித்து, 1931 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், கடவுளே சத்தியம் என்று சொல்லிவந்த தாம் சத்தியமே கடவுள் என்று ஏன் மாற்றிக்கொண்டார் என்பதை விளக்குகையில், அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட நாஸ்திகர் பிராட்லா. சத்தியத்துக்கு அஞ்சியவர் ஆதலின் அவரை நாஸ்திகராகத் தாம் எண்ணுவதில்லை என்றார். கேட்டால் பிராட்லாவின் முகம் சிவந்துவிடும் என்பதையும் காந்தியடிகளே ஒப்புக்கொண்டார். நாம் நினைக்கும் அளவில், பிராட்லா அதையும் ஒரு மசோதாவைப் போல் எழுந்து நின்று எதிர்த்தே இருப்பார்.